கிளையில் தொங்கிய பொட்டலம்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. சிங்கம் இல்லாத காட்டுக்குக் கதையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிள்ளைகளே. அந்தக் காட்டில் ஒரு சுனை இருந்தது. சுனைக்குப் போக ஒரே ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதைக்குக் காவலாக ஒரு நாயும் இருந்தது. ஒரு கதைக்கு இது தாராளம்.

நாயின் பெயர் கூர்மூக்கன். அவன் காட்டில் பிறந்தவன் அல்லன்; நகரத்திலிருந்து காரில் சுற்றுலா வந்தவன். வந்த இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு போனான். திரும்பி வந்து பார்த்தால் காரும் இல்லை, காரில் வந்தவர்களும் இல்லை. குரைத்தான், அழுதான், பிறகு பசித்தது. அவனைக் காட்டின் தலைவியான யானை கருமலையாள் சேர்த்துக்கொண்டாள்.

சும்மா சேர்த்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வாய்த்த மூக்கு அப்படி. மலைக்கு அந்தப் பக்கம் சிறுத்தை கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் இவன் குரைப்பான். கரடியாரின் தேனில் கைவைத்தது யார் என்று ஒரே மோப்பத்தில் சொல்லிவிடுவான். பெரும்பாலும் அது குரங்கு அள்ளிவாயனாகத்தான் இருக்கும். அதனால் எல்லாரும் சேர்ந்து கூர்மூக்கனைக் காவல்காரன் ஆக்கினார்கள். அன்றிலிருந்து அவன் மூக்கு வானத்தைப் பார்த்தபடியே இருந்தது.

எல்லாம் சரிதான். ஆனால் காலையில் வயிறு கனத்தால் அவன் உட்காருவது சுனைப் பாதையின் நட்டநடுவில். முடிந்ததும் பின்னங்கால்களால் மண்ணைப் பரபரவென்று வாரி இறைப்பான். இறைத்த மண் எங்கே விழுந்தது என்று பார்க்க மாட்டான். மண் ஒரு பக்கம் கிடக்கும். மற்றது பாதையிலேயே கிடக்கும்.

ஒருநாள் முயல் பஞ்சுவால் தன் குட்டிகளை வரிசையாக நடத்திக்கொண்டு யானையிடம் வந்தாள். குட்டிகளின் கால்களைப் பார்த்ததும் யானையே இரண்டடி பின்னால் போனாள்.

"பாருங்கள் அக்கா! இதைச் சுனையில் கழுவினால் தண்ணீர் கெடுகிறது. கழுவாமல் விட்டால் என் வளை நாறுகிறது. சின்னவனுக்கு வயிறு நிறையப் புழு. நான் என்னதான் செய்வேன்?"

கருமலையாள் கூட்டத்தைக் கூட்டி, நாயைக் கூப்பிட்டுக் கேட்டாள். நாய் கொஞ்சமும் அசரவில்லை.

"தலைவி, நான் ஒன்று கேட்கலாமா? நீங்கள் போடுவது இவள் வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. நான் கொஞ்சம் போட்டால் மட்டும் பஞ்சாயத்தா?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆசைதான், யானை எதிரில் நிற்கிறாளே!

"நான் தின்பது புல்லும் தழையும்," என்றாள் யானை. "நான் போட்டதில் விதை முளைக்கிறது. நீ தின்பது எலும்பும் கொழுப்பும். நீ போட்டதில் புழுதான் முளைக்கிறது. சந்தேகம் இருந்தால் சாணி வண்டைக் கேள்."

"என்னைக் கேட்காதீர்கள்," என்றது சாணி வண்டு. "அவர் போட்டதை ஒரே ஒரு நாள் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். என் மனைவி கதவைத் திறக்கவே இல்லை."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நாயின் முகம் சுருங்கிப்போயிற்று.

"மழை வரப்போகிறது," என்றாள் கருமலையாள். "பாதையில் கிடப்பதெல்லாம் சுனையில்தான் போய்ச் சேரும். இனிமேல் அங்கே ஒரு பொட்டு கிடந்தாலும், நீ வேறு காட்டைப் பார்த்துக்கொள்."

வேறு காட்டுக்கு எங்கே போவான்? மலைக்கு அந்தப் பக்கம் சிறுத்தை. இந்தப் பக்கம் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. பாவம், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

திரும்பும் வழியில் காட்டுப்பூனை அமுக்கி அவனை நிறுத்தினாள். அவள் அதிகம் பேச மாட்டாள்.

"சுனைக்குத் தண்ணீர் ஓடாத பக்கமாகப் பார். தள்ளி ஓர் இடத்தில் ஆழமாகக் குழி தோண்டு. போட்டு மூடு. மேலே நன்றாக மிதி. அவ்வளவுதான்."

"மண் தோண்டுவதா? நானா?" நாய் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டான். "காவல்காரன் நகத்தில் மண் ஒட்டினால் மரியாதை என்ன ஆவது? நகரத்தில் எனக்குப் பின்னாலேயே ஒரு மனிதன் பையைத் தூக்கிக்கொண்டு வருவான், தெரியுமா? நான் போடப் போட அவன் குனிந்து எடுப்பான்."

"எடுத்து?"

"பையில் கட்டுவான்."

"கட்டி?"

"தெருவில் யாரும் இல்லை என்றால், பக்கத்து வீட்டு வேலியில் மாட்டுவான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். வேலை முடிந்தது."

அமுக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல ஆளிடம்தான் வளர்ந்திருக்கிறாய்," என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டாள். நாய் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவன் நகரத்து வழக்கத்துக்கு மாறினான். ஒரு தேக்கிலையில் எல்லாவற்றையும் வாரினான். கொடியால் இறுக்கிக் கட்டினான். பாதையோரம் எட்டுகிற கிளையில் மாட்டினான். நாவல் மரத்தில் ஒன்று, மருத மரத்தில் ஒன்று, இலுப்பையில் ஒன்று என்று பொட்டலங்கள் பெருகின. பாதையோ பளிச்சென்று ஆகிவிட்டது.

"இப்போதுதான் நிம்மதி, அண்ணே! நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்," என்று பஞ்சுவால் வாயார வாழ்த்தினாள். நாய் மூக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். கிளையில் தொங்குவது என்ன என்று ஈக்களுக்கு மட்டும் தெரியும். ஈக்கள் யாரிடமும் சொல்வதில்லை.

இப்படி இருக்கையில் கருமலையாளுக்கு ஒரு குட்டி பிறந்தது. பெயர் வைக்கும் நாள் குறித்தார்கள். பெயர் வைத்த கையோடு குட்டி சுனைக்குப் போய் முதல் தண்ணீர் குடிக்க வேண்டும். அது அந்தக் காட்டு வழக்கம். காடே சீர் கொண்டுவந்தது. கரடியார் தேன் கொண்டுவந்தார். மான்கள் பலாப்பழம் உருட்டி வந்தன.

குரங்கு அள்ளிவாயனும் ஒரு வாழைத்தாருடன்தான் புறப்பட்டான். வழியில் பழுத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழம் தின்றான். சரியாகப் பார்த்தோமா என்று பார்க்க இன்னொன்று தின்றான். பார்த்துப் பார்த்து, கடைசியில் கையில் வெறும் காம்புதான் மிஞ்சியது.

வெறுங்கையோடு எப்படிப் போவது? தலையைச் சொறிந்துகொண்டு மேலே பார்த்தான். இலுப்பைக் கிளையில், பச்சை இலையில், அழகாகக் கட்டிய ஒரு பொட்டலம்!

"ஆகா! யாரோ கொழுக்கட்டை கட்டி மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்," என்று அதைப் பறித்துக்கொண்டான். ஆசை வந்தால் குரங்குக்கு மூக்கு அடைத்துவிடும். வயிறு முட்ட வாழைப்பழம் தின்றிருந்ததால் பிழைத்தான். இல்லையென்றால் அங்கேயே அவிழ்த்திருப்பான்.

"வழி விடுங்கள்! தாய்மாமன் சீர் வருகிறது!" என்று கூவிக்கொண்டே சபைக்குள் நுழைந்தான். இவனைத் தாய்மாமன் ஆக்கியது யார் என்று யாருக்கும் தெரியாது. பொட்டலத்தை யானைக்குட்டியின் முன்னால் வைத்து, எல்லாரும் பார்க்கும்படி தன் கையாலேயே பிரித்தான்.

பிரித்ததும் என்ன நடந்தது என்று நான் விரிவாகச் சொல்லப்போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களாக இருக்கலாம். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்தது. கரடியார் தேனை மூடினார். அள்ளிவாயன் தன் கையை, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல, தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் பிள்ளைக்கு இதுவா சீர்?" என்று கருமலையாள் பிளிறினாள்.

"சத்தியமாக எனக்குத் தெரியாது, தாயே! மரத்தில் தொங்கியது. பாதை நெடுக இன்னும் நிறையத் தொங்குகிறது!"

"யார் மாட்டியது?"

"கூர்மூக்கனைக் கேளுங்கள்! ஒரே மோப்பத்தில் சொல்லிவிடுவான்!" என்று கூட்டம் முழுவதும் கத்தியது.

கூர்மூக்கன் அப்போது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தான். "இதோ இருக்கிறார்!" என்று மான்கள் அவனை அன்போடு முன்னால் தள்ளிவிட்டன.

அவன் முகர்ந்து பார்க்கவே தேவையில்லை. என்னுடையது என்று சொன்னால் காட்டைவிட்டுப் போக வேண்டும். தெரியவில்லை என்று சொன்னால், மூக்கில்லாத காவல்காரன் எதற்கு என்று அனுப்பிவிடுவார்கள். வேறு யார் மேலாவது பழி போடலாமா என்று சுற்றிலும் பார்த்தான். பஞ்சுவால் அவனையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் மனம் வரவில்லை.

"அச்சூ!" என்று பெரிதாக ஒரு தும்மல் போட்டான். "தலைவி, நேற்றிலிருந்து எனக்கு மூக்கடைப்பு. மல்லிகையும் தெரியவில்லை, மாட்டுச் சாணியும் தெரியவில்லை."

"அடப் பாவமே!" என்றார் கரடியார்.

"தூதுவளை பறித்துக்கொண்டு வரட்டுமா, அண்ணே?" என்று பஞ்சுவால் பதறினாள்.

அமுக்கி மட்டும் மெல்ல எழுந்து முன்னால் வந்தாள்.

"இருக்கட்டும், தலைவி. அதற்குள் என் சீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குவியலில் எங்கோ வைத்திருக்கிறேன். மீன். குட்டி தின்னாவிட்டால் நானே எடுத்துக்கொள்கிறேன். அருமையான கெண்டை. இன்று விடியற்காலையில் பிடித்தது."

நாயின் காது துடித்தது.

"இன்று பிடித்த மீனுக்குத்தான் இந்த வாசம் வரும்," என்றாள் அமுக்கி.

நாயின் மூக்கும் துடித்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டான்.

"மூக்குள்ளவர்கள் யாராக இருந்தாலும் இது இன்றைய கெண்டை என்றுதான் சொல்வார்கள்."

"பொய்!" என்று வெடித்தான் கூர்மூக்கன். "அது நேற்று மத்தியானம் பிடித்தது! கெண்டையும் இல்லை, கெளுத்தி! பலாப்பழத்துக்குப் பின்னால் ஆலிலைக்குள் இருக்கிறது. வாலை நீ ஏற்கெனவே தின்றுவிட்டாய்! யார் மூக்கிடம் கதை விடுகிறாய்?"

சொல்லி முடித்த பிறகுதான் தனக்கு மூக்கடைப்பு என்று சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. கரடியார் பலாப்பழத்தை நகர்த்தி ஆலிலையைப் பிரித்தார். உள்ளே கெளுத்தி. வால் இல்லை.

"மூக்கு திறந்துகொண்டது போலிருக்கிறதே," என்றாள் அமுக்கி. "இப்போது இந்தப் பொட்டலத்தையும் முகர்ந்து சொல்லிவிடு."

நாயின் வால் கால்களுக்கிடையே போயிற்று. "என்னுடையதுதான், தலைவி. ஆனால் பாதையில் ஒரு பொட்டுகூட இல்லை! கட்டி மேலேதானே மாட்டினேன்?"

"கட்டி மாட்டினால் அது காற்றோடு போய்விடுமா, அண்ணே?" என்று பஞ்சுவால் கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனை மிகவும் சுட்டது. "முன்பு என் பிள்ளைகளின் காலில் இருந்தது. இப்போது தலைக்கு மேலே இருக்கிறது."

அப்போது வானம் இடித்தது. காற்று எழுந்து மரங்களை உலுக்கியது. கிளைகளில் பழைய பொட்டலங்கள் ஆடின. இலைகள் காய்ந்து விரிசல் விட்டிருந்தன. ஒரு மழை பெய்தால் போதும், அத்தனையும் ஒழுகிச் சுனைக்கு வந்துவிடும். குட்டியோ இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை.

கூர்மூக்கன் வானத்தைப் பார்த்தான். தாயின் வயிற்றுக்கடியில் நின்ற குட்டியைப் பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே பாய்ந்து ஓடினான்.

சுனைக்குத் தண்ணீர் ஓடாத சரிவில் இரண்டு முன்னங்கால்களாலும் தோண்டினான். நகத்தில் மண், மூக்கில் மண், காதுக்குள் மண். ஆழமாகக் குழி வெட்டிவிட்டு மரம் மரமாக மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடினான். தான் மாட்டியே மறந்துபோனவற்றைக் கண்டுபிடித்தான். காற்றில் அறுந்து புதருக்குள் விழுந்தவற்றைக் கண்டுபிடித்தான். ஒவ்வொன்றையும் பல்லால் கவ்விக்கொண்டு வந்து குழியில் போட்டான். மலைக்கு அப்பால் சிறுத்தையின் கொட்டாவியை அறிகிற மூக்குக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வந்தது. எனக்கே பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் உதவிக்கு யாரும் போகவில்லை. அள்ளிவாயன் மட்டும் மர உச்சியில் உட்கார்ந்துகொண்டு, "அங்கே ஒன்று! ஐயோ, அது பெரியது!" என்று வழி காட்டினான்.

கடைசிப் பொட்டலம் குழியில் விழுந்ததும் முதல் துளி விழுந்தது. நாய் மண்ணைத் தள்ளி மூடினான். ஏறி நின்று மிதித்தான். மழை கொட்டத் தொடங்கியபோது, உடம்பெல்லாம் சேறாக, சபைக்குத் திரும்பி வந்து தள்ளியே நின்றான்.

"எடுத்துவிட்டேன், தலைவி. நான் கிளம்பட்டுமா?"

கருமலையாள் குட்டியை அழைத்துக்கொண்டு சுனைக்கு நடந்தாள். எல்லாரும் மழையில் நனைந்துகொண்டே பின்னால் போனார்கள். சுனை தெளிவாக இருந்தது. குட்டி தும்பிக்கையை நனைத்து, சப்புக்கொட்டிக் குடித்தது. பஞ்சுவாலின் குட்டிகளும் முண்டியடித்துக்கொண்டு குடித்தன. கூர்மூக்கன் கரையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

யானை திரும்பி அவனைப் பார்த்தாள்.

"கிளம்புவதா? நாளைக் காலையில் குழி தோண்டுவது யார்? போ, போய் முகத்தைக் கழுவு. சுனையில் அல்ல, மழையில்!"

நீதி: கட்டி மறைத்த அழுக்கு சபை நடுவில் அவிழும், தன் கழிவைத் தானே எடுத்துப் புதைப்பவனுக்கே ஊரில் இடம் உண்டு.