அரை ஸ்பூன் உப்பு

தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் கடைசி வரை கொஞ்சம் பொறுங்கள். எளிதான கதை போலத்தான் இருக்கும், அங்கேதான் சறுக்கும்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் முகத்துறை என்று ஒரு சிற்றூர். கடல் வருஷத்துக்கு வருஷம் உள்ளே வந்ததில் ஊர்க் கிணறு உப்பேறியது. ஒரே நாளில் ஏறியிருந்தால் கூச்சல் போட்டிருப்பார்கள். கொஞ்சங் கொஞ்சமாக ஏறியதால் நாக்கும் கூடவே பழகிவிட்டது. அந்த ஊர்ப் பெண்கள் கஞ்சிக்கு உப்புப் போடுவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. கேட்டால், "எங்க கைப்பக்குவம் அப்படி" என்று சிரிப்பார்கள்.

இந்த ஐப்பசியில் வெள்ளமும் கடலும் சேர்ந்து ஊரைச் சூழ்ந்தன. பாலம் முழுகியது. மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு பரவியது. அமிர்தவல்லியின் ஏழு மாதக் குழந்தை பவிஷாவுக்கும் வந்தது. உப்பு சர்க்கரைப் பாக்கெட் ஊரில் ஒன்றுகூட மிச்சமில்லை. அக்கரையில் மாட்டிக்கொண்ட நர்ஸ் மங்கையர்க்கரசியைப் போனில் பிடித்தாள்.

"பதறாதம்மா. ஒரு லிட்டர் தண்ணிய கொதிக்க வச்சு ஆறவிடு. ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கூடக் கொறச்ச ஆயிடக்கூடாது. தண்ணி கரிக்குதான்னு மட்டும் பாத்துக்க."

கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் சிங்காரவேலுவிடம் போய்க் கேட்டாள். அவர் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"கரிப்பா? நல்ல தண்ணி தங்கச்சி."

அவளும் குடித்துப் பார்த்தாள். கரிக்கவில்லை. சொன்ன அளவில் கலந்து, குழந்தை துப்பத் துப்பப் பகல் முழுக்கப் புகட்டினாள். மறுநாள் வலிப்பு வந்தது. படகு பிடித்து ஆஸ்பத்திரி சேர்ந்தபோது, இரத்தத்தில் உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். சாயங்காலம் குழந்தை இறந்துவிட்டது.

அளவு சொன்னவள், சுவைத்துச் சொன்னவர், கலந்து கொடுத்தவள். இந்த மூவரில் பிழை செய்தது யார்?

விடை: யாருமில்லை. நர்ஸ் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சிங்காரவேலு தன் நாக்குக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார். கஞ்சிக்கு உப்புப் போடாத தாய் மருந்துக்கு மட்டும் ஏன் போட்டாள் என்பீர்கள். மருந்தில் கைப்பக்குவம் பார்க்க எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? மூவரும் சரியாகச் செய்ததால்தான் குழந்தை போனது. அந்த அரை ஸ்பூன் உப்பைச் சொன்னவளோ போட்டவளோ மறந்திருந்தால் பிழைத்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. எங்கே அளவு தப்பிவிட்டேனோ என்று அமிர்தவல்லி பார்ப்பவரிடமெல்லாம் கேட்கிறாள். இல்லையம்மா, சரியாகத்தான் போட்டாய் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.