சோற்று வண்டியின் மூடி

கல்வராயன் மலையடிவாரத்தில் அபரஞ்சி அம்மா ஒரு சிறிய மடம் நடத்திவந்தார். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவரிடம் வந்து தங்கிய சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

சீடர்களில் ஒருவர் பொன்னுரங்கம். அறுபதைக் கடந்தவர். முன்பு சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்துக் காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு வண்டியோடு மடத்துக்கு வந்துவிட்டார். இனிமேல் இது மடத்து வண்டி என்று சொல்லிச் சாவியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கி, மறுபடியும் அவர் கையிலேயே வைத்தார்.

வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பெயரை அவர் சுரண்டி எடுத்திருந்தார். எழுத்துகள் போய்விட்டன. பசை மட்டும் தடமாக நின்றது. அது யார் பெயர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மனைவியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி மடத்தில் யாரும் கேட்டதில்லை. அழுது பார்த்தவரும் இல்லை. திடமான மனிதர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அம்மா அப்படிச் சொன்னதில்லை.

மலையை ஒட்டி நெல்லிக்குட்டை என்றொரு குடியிருப்பு. படுக்கையில் விழுந்தவர்கள், பார்வை இல்லாதவர்கள், சமைத்துப்போட ஆளில்லாதவர்கள் என்று அங்கே சிலர் இருந்தார்கள். மடத்தில் தினமும் சாம்பார் சாதம் கிளறி, வாழை இலையில் பொட்டலம் கட்டி, தக்காளிப் பெட்டிகளில் அடுக்கிப் பொன்னுரங்கத்தின் வண்டியில் ஏற்றுவார்கள். மேலே தார்ப்பாய். மலைக்காற்றில் அது படபடத்துக் கிழியும். கிழிந்த வழியே புழுதி இறங்கும், மழைநாளில் தண்ணீர் இறங்கும்.

ஒருநாள் செங்கோடன் என்ற பார்வையில்லாதவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல்லில் மண் கடிபட்டது. முகத்தைத் திருப்பித் துப்பிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார். பொன்னுரங்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்ததும் அம்மாவிடம் போனார்.

"தார்ப்பாய் வேண்டாம்மா. கெட்டியா ஒரு மூடி செஞ்சிடறேன்."

"செய்யுங்க ஐயா."

"ஒரு துளி உள்ள போகாது."

அம்மா தலையசைத்தார்.

பழைய இரும்புச் சட்டங்களை வாங்கிவந்து, வண்டியின் பின்பெட்டியை அளந்து பற்றவைத்தார். சட்டத்தின் மேல் பிளைவுட் பலகை, பலகையின் மேல் தகரம். ஓட்டுநர் அறைப் பக்கம் கீல் வைத்தார். பின்னால் நின்று தூக்கினால் பெட்டகம்போலத் திறக்கும். தகரம் சேரும் இடங்களில் பசை அப்பினார். விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டினார். அவர் தியானத்துக்கு வருவதில்லை என்று மற்ற சீடர்கள் முறையிட்டார்கள். அவரை விட்டுவிடுங்கள் என்றார் அம்மா.

வேலை முடிந்த அன்று அவரே வண்டிப் பெட்டிக்குள் ஏறிக் குந்திக்கொண்டு, மூடியைச் சாத்தித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கிணற்றிலிருந்து சேந்திக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஊற்றி முடித்த பிறகும் உள்ளேயிருந்து சத்தமில்லை. அம்மாவே போய் மூடியைத் தூக்கினார்.

"பாத்தீங்களாம்மா, ஒரு துளி இல்ல" என்றார் பொன்னுரங்கம்.

அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அம்மா அந்தச் சட்டையைப் பார்த்தார். இறங்குவதற்குக் கை கொடுத்தார்.

மறுநாள் புது மூடியோடு வண்டி கிளம்பியது. வழியில் பால வேலை நடந்ததால் சுற்றுப்பாதையில் போக வேண்டியிருந்தது. வெயில் ஏறியது. தூசி இல்லை, படபடப்பு இல்லை. பொன்னுரங்கத்துக்கு மனம் நிறைந்திருந்தது. நெல்லிக்குட்டையில் எல்லோரும் வந்து நிற்க, அவர் மூடியைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது. கூடவே புளித்த வாடை. மூடியின் அடிப்பக்கம் முழுக்க நீர் கோத்துச் சொட்டியது. இலைகள் கறுத்து வதங்கியிருந்தன.

செங்கோடன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, பிரித்த நூலை எடுத்துத் திரும்பவும் கட்டினார்.

"ஊசிப்போச்சு ஐயா. யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார் மெதுவாக.

யாரும் பொன்னுரங்கத்தைக் கடிந்துகொள்ளவில்லை. காலையில் கஞ்சி குடித்துவிட்டோம், பசியில்லை என்றார்கள். அங்கே எந்த வீட்டு அடுப்பிலும் சாம்பல் சூடாக இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மடத்துக்கு வந்து, வண்டியை நிறுத்திய கையோடு கீலைக் கழற்ற ஆரம்பித்தார். அம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"இத கழட்டி எறிஞ்சிட்டு நானும் கிளம்பறேம்மா. சோத்துக்குக்கூட நான் உதவல."

"அவங்க சாப்பிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப அத முதல்ல பாப்போம்."

அம்மா சமையற்கூடத்துக்குள் போனார். அடுப்பு மூட்டி ரவையை வறுத்தார். பொன்னுரங்கம் தண்ணீர் சுமந்தார். உப்புமாவைப் பொட்டலம் கட்டி ஏற்றினார்கள். மூடியைச் சாத்தாமல், ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, இறுகக் கட்டினார்கள். அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தார். கட்டை நழுவிவிடக்கூடாதே என்று பொன்னுரங்கம் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். பொழுது சாயும் நேரத்தில்தான் நெல்லிக்குட்டைக்காரர்கள் சாப்பிட்டார்கள். செங்கோடன் இரண்டாவது பொட்டலம் கேட்டு வாங்கினார்.

திரும்பி வந்து இறங்கியதும் அம்மா மூடியின் அடிப்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். பலகை இன்னும் ஈரமாக இருந்தது.

"இன்னிக்கு மழை இல்லையே ஐயா. இந்தத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு?"

"சோத்தோட ஆவிம்மா. போக இடமில்லாம அங்கயே நின்னுருக்கு."

"எனக்கும் இது தோணாமப் போச்சு. ஒரு வழி வச்சிடுவோம்."

"ஓட்டை போட்டா மழை வருமே."

"வரும்" என்றார் அம்மா.

காலையில் வேலையை ஆரம்பித்தார்கள். மூடியைக் கழற்றிக் கிணற்றடியில் நிறுத்தினார்கள். அதன் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் வரிசையாகத் துளைபோட வேண்டும். பொன்னுரங்கம் துளைக்கும் எந்திரத்தைப் பிடித்தார். தகரம் அதிராமல் இருக்க அம்மா மறுபக்கம் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சில துளைகள் விழுந்தன. எந்திரம் ஓய்ந்த ஒரு இடைவெளியில் அம்மா கேட்டார்.

"முன்கண்ணாடியில யார் பேரு ஐயா இருந்துச்சு?"

பொன்னுரங்கம் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒட்டியிருந்த இரும்புத் துருவலை விரலால் தட்டிவிட்டார்.

"நவநீதம்" என்றார்.

"உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"டிரைவரேன்னு கூப்பிடுவா. வீட்லயும் அப்படித்தான். டிரைவரே, தண்ணி சூடாயிடுச்சு, குளிக்க வாங்கம்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அவராகவே பேசத் தொடங்கினார். சந்தைக்கு அவளும் கூடவே வருவாளாம். ஓட்டுநர் அறையில் காலை மடக்கி உட்கார்ந்து, வழியெல்லாம் பூண்டு உரித்துக்கொண்டே வருவாளாம். அந்தத் தோல் இப்போதும் இருக்கைக்கு அடியில் அகப்படும். தக்காளி வியாபாரிகளிடம் அவள்தான் சண்டை போடுவாள், இவர் ஒதுங்கி நிற்பார். கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல் போனபோது, மாத்திரை வேண்டாம், என்னை வண்டியில் உட்காரவை என்பாளாம். இவர் தூக்கி உட்காரவைத்து, லோடு இல்லாத வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டுவாராம். ஒருநாள் சுற்றி வந்து நிறுத்தியதும், இன்னொரு சுற்று போ டிரைவரே என்றாளாம். டீசல் இல்லை, நாளைக்குப் போகலாம் என்று இறக்கிப் படுக்கவைத்தாராம்.

எந்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, தகரத்தில் நெற்றியை முட்டுக் கொடுத்து அழுதார். மடத்தில் வேலையாக இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே இருங்கள் என்று அம்மா கண்ணால் சொன்னார். அவர் தேற்றவில்லை, அழவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூடி சாய்ந்துவிடாமல் மறுபக்கம் பிடித்துக்கொண்டே நின்றார்.

வெகுநேரம் கழித்துப் பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அடுத்த துளை எங்க ஐயா?" என்றார் அம்மா.

"இன்னும் கொஞ்சம் தள்ளிம்மா. நீங்க கைய எடுத்துக்குங்க."

அதன் பிறகு மூடி வேர்க்கவில்லை. நெல்லிக்குட்டைக்குச் சோறு சோறாகவே போய்ச் சேர்ந்தது. பொன்னுரங்கம் சில நாள் சமையற்கூடத்தில் உட்கார்ந்து, நவநீதம் குழம்பு தாளிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். சில நாள் யாரோடும் பேசாமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சில நாள் பேச்சின் நடுவிலேயே கண் கலங்கிவிடும். துடைத்துக்கொண்டு மீதியைச் சொல்வார்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் சோற்றை ஏற்றி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. காற்று சுழற்றி அடித்தது. பொன்னுரங்கம் மனம் கேட்காமல் மூடியைச் சற்றே தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பின்விளிம்புத் துளைகளின் வழியே சாரல் தெறித்து, மேலடுக்குப் பொட்டலங்களில் முத்து முத்தாக நின்றது.

அம்மா குடையோடு வந்தார்.

"துளி உள்ள வருதும்மா" என்றார் பொன்னுரங்கம். "இன்னிக்கு மட்டும் துணிய வச்சு அடைச்சிடட்டுமா?"

அம்மா மூடிக்கு அடியில் கையை நுழைத்து, நனைந்த பொட்டலம் ஒன்றை எடுத்தார். இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக் கொஞ்சநேரம் பிடித்திருந்தார். பிறகு அதை அவர் கையில் வைத்தார்.

"மேல இலை நனையட்டும் ஐயா. உள்ள சோறு சூடா இருக்கு."