மிளகியின் வாலில் ஒற்றை முடிச்சு

இலுப்பைக் காட்டின் ஏரிக்கரையில் விலங்குகளுக்கு என்று ஒரு கல்லூரி இருந்தது. வேலிக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது அங்கே முதல் சட்டம். எல்லோரும் மெஸ்ஸில்தான் சாப்பிட வேண்டும்.

அந்த வருடம் மிளகி என்ற மூஞ்சூறு மருந்துச் செடிப் பாடத்தில் சேர்ந்தது. மூஞ்சூறு குலத்தில் கல்லூரி வாசலை மிதித்தது அதுதான் முதல். அதன் அம்மா வழியனுப்பும்போது அழுதுகொண்டே சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்.

"வயித்தைக் காயப்போடாதே கண்ணு! நம்ம உடம்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல தாங்காது."

முதல் நாள் காலை மெஸ் வாசலில் நீண்ட வரிசை நின்றது. மெஸ் பொறுப்பாளர் கரடியார் கையில் வாழைநாருடன் உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு வேண்டும் என்று கேட்பார். ஒன்றா, மூன்றா, ஆறா? சொன்ன எண்ணிக்கைக்கு வாலிலோ காலிலோ நாரைக் கட்டி முடிச்சுப் போடுவார். அவ்வளவுதான். பருவம் முடியும் வரை அந்த முடிச்சு அவிழாது.

மிளகிக்கு முன்னால் குன்றன் என்ற இளம் மலைப்பாம்பு நின்றது. அதுவும் முதலாம் ஆண்டுதான். அதன் நீளத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். குன்றனுக்குத் தலைகால் புரியவில்லை. பாம்புக்கு ஏது கால் என்று கேட்காதீர்கள், அவ்வளவு பெருமை!

"எனக்கு ஆறு போடுங்க ஐயா!"

"வீட்ல எத்தனை வேளை சாப்பிடுவே தம்பி?" என்று கேட்டார் கரடியார்.

"வாரத்துக்கு ஒரு தடவை. ஆனா அது வீடு. இது கல்லூரி!"

கரடியார் பெருமூச்சு விட்டு ஆறு முடிச்சுப் போட்டார்.

அடுத்து மிளகி. "எனக்கும் ஆ..." என்று ஆரம்பித்தது. பக்கத்தில் களுக்கென்று ஒரு சிரிப்பு. இரண்டாம் ஆண்டு மயில் ஒன்று, தோகையைச் சரிசெய்தபடி குனிந்து பார்த்தது.

"ஆறா? கட்டைவிரல் அளவு இருந்துக்கிட்டு ஆறு வேளையா? என் காலைப் பாரு தங்கச்சி. ஒரே முடிச்சு! இங்கே பெரிய இடத்துப் பிள்ளைங்க எல்லாம் ஒரு வேளைதான்."

வரிசை முழுவதும் சிரித்தது. மிளகியின் நீண்ட மூக்கு நுனிவரை சிவந்துபோயிற்று.

"எனக்கு... ஒண்ணு போதும் ஐயா."

"யோசிச்சுச் சொல்லும்மா. இப்பவே பருவம் முழுக்கத் தேவையான இலையைத் தைச்சு அடுக்கிட்டோம். அப்புறம் கூட இலை கேட்டா என்கிட்ட இருக்காது."

"ஒண்ணே போதும்."

சின்ன வாலில் ஒற்றை முடிச்சு விழுந்தது. கதை சொல்லும் எனக்கு அந்த மயில்மேல்கூடக் கோபம் இல்லை. அடுத்தவர் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள். வயிறு கேட்டதை வாய் மாற்றிச் சொல்லிற்றே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை!

மதியம் ஒரே ஒரு கவளம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூன்றாம் நாள் வகுப்பில் தூதுவளை இலையும் கண்டங்கத்தரி இலையும் மிளகிக்கு ஒன்றாகத் தெரிந்தன. நான்காம் நாள் பொத்தென்று மயங்கி விழுந்தது. ஐந்தாம் நாளும் விழுந்தது.

ஆசிரியை ஆமையம்மா தண்ணீர் தெளித்து எழுப்பினார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அம்மா. தூக்கக் கலக்கம்."

"இன்னொரு தடவை விழுந்தா உன்னை வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. கல்லூரிச் சட்டம் அப்படி. பார்த்துக்க!"

மிளகிக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்கா? கனவு கண்டு வந்த படிப்பு ஒரே வாரத்தில் முடிந்துவிடுமா? அழுதுகொண்டே வேலி ஓரமாக நடந்தது.

வேலிக்கு அப்பால் ஒரு தினைக்கொல்லை. அங்கே அந்த மயில் கதிர் கதிராகக் கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தது!

"அண்ணா! ஒரு வேளைதான் சாப்பிடுவேன்னு சொன்னீங்களே?"

மயில் கொஞ்சமும் அசரவில்லை. "மெஸ்ஸுல ஒரு வேளை. வெளியே எத்தனை வேளைன்னு நீ கேட்கவே இல்லையே!"

மிளகிக்கு அழுகை நின்றுபோய்க் கோபம் வந்தது. மயில்மேல் பாதி, தன்மேல் மீதி. விறுவிறுவென்று திரும்பி நடந்தது.

வகுப்புக்குப் போகும் வழி இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்தது. அந்த இடுக்கில் குன்றன் மாட்டிக்கொண்டு கிடந்தது. வயிறு பூசணிக்காயாக உப்பியிருந்தது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை.

மிளகி பயந்து நின்றது.

"பயப்படாதே. உன்னை முழுங்கணும்னா வயித்துல இடம் வேணுமே!" என்று முனகியது குன்றன். "இலையில மிச்சம் வைக்கக் கூடாதுன்னு மெஸ்ஸுல சட்டம். ஆறு வேளையும் திணிச்சுத் திணிச்சு முழுங்குறேன். பசியே இல்லாம சாப்பிடறது எவ்வளவு கொடுமை தெரியுமா?"

"பசியோட சாப்பிடாம இருக்கிறது எவ்வளவு கொடுமைன்னு உனக்குத் தெரியுமா?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு மிளகி குன்றனின் வாலைப் பார்த்தது. ஆறு முடிச்சு. தன் வாலைப் பார்த்தது. ஒரு முடிச்சு.

"நாம மாத்திக்கலாமா?" என்று கேட்டது மிளகி.

"எல்லார் முன்னாலயும் போய்ச் சொல்லணுமே! சிரிப்பாங்க. நான் மாட்டேன்."

"சிரிக்கட்டும். நான் போறேன்!"

மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம். கவிழ்த்துவைத்த ஒரு பானைமேல் மிளகி ஏறி நின்றது. குரலை முழுவதும் திரட்டிக் கத்தியது.

"ஐயா! எனக்குப் பசிக்குது! ஒரு வேளை பத்தல. எனக்கு ஆறு வேளை வேணும். அன்னிக்கு வெட்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்!"

சிரிப்பு கிளம்பியது. முன்வரிசையில் மயில்தான் பெரிதாகச் சிரித்தது. மிளகி இறங்கவில்லை.

கரடியார் கரண்டியைக் கீழே வைத்தார். "நீ சொல்றது நியாயம்தாம்மா. ஆனா இலை எண்ணிக்கைக்கு மேல என்கிட்ட ஒரு இலைகூட இல்லை. ஆறு முடிச்சு இருக்கிற யாராவது மாத்திக்கிட்டா எனக்கு ஆட்சேபணை கிடையாது. உன்னை மாதிரி அவங்களும் எல்லார் முன்னாலயும் சொல்லணும். அவங்க வாயால கேட்காம அவங்க சோத்தை நான் குறைக்க மாட்டேன்."

மிளகி வாசலையே பார்த்தது. யாரும் வரவில்லை. தலை சுற்ற ஆரம்பித்தது. மூன்றாவது தடவை விழுந்தால் எல்லாம் முடிந்தது. பானையைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அப்போது வாசலில் சரசரவென்று சத்தம். செதில்கள் எல்லாம் சிராய்ந்து, மூச்சு வாங்க, குன்றன் உள்ளே வந்தது. பாறை இடுக்கிலிருந்து எப்படித்தான் உருவிக்கொண்டு வந்ததோ! தலையை உயர்த்தியது.

"ஐயா! எனக்குப் பசிக்கல!"

அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு பரிதாபமாகச் சொன்னதைக் கேட்டு யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

கரடியார் இரண்டு நார்களையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினார். மிளகியின் வாலில் ஆறு முடிச்சுக்கு இடமே போதவில்லை. கடைசி முடிச்சு முதுகில் போய் உட்கார்ந்தது. "குன்றா, வேண்டாத நாள்ல காலையிலயே வந்து சொல்லிடு. அந்த இலையை யாருக்காவது போடுவேன்" என்றார்.

உடனே ஒரு முயல் எழுந்தது. "ஐயா, எனக்கு மூணு பத்தல!" மூலையிலிருந்து ஒரு முதலைக்குட்டி, "எனக்கு மூணு ரொம்ப அதிகம்!" என்றது. அன்று சாயங்காலம்வரை கரடியார் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தார். மயில் மட்டும் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மிளகி முதல் கவளத்தை வாயில் போட்டது. கண்ணில் நீர் முட்டியது. மறுநாள் வகுப்பில் ஆமையம்மா பத்து இலைகளைக் காட்டினார். பத்தின் பெயரையும் மிளகி தடுமாறாமல் சொன்னது. கடைசி வரிசையில் இருந்த குன்றன் சந்தோஷத்தில் வாலைத் தரையில் தட்டிய தட்டில் வகுப்பே அதிர்ந்தது.

பசிக்கிறது என்று சொல்வதிலும் போதும் என்று சொல்வதிலும் வெட்கம் இல்லை. அடுத்தவர் இலையைப் பார்த்துத் தன் வயிற்றை அளப்பதுதான் வெட்கம்.