புகைக்குழாய் மேலே போனதும் கீழே போனதும்

அந்தக் காலத்தில் மாடு பேசியது, குருவி பேசியது, சின்ன டிராக்டரும் பேசியது. சிரிக்க வேண்டாம். மாடு பேசியதை நம்புகிறவர்கள் இதையும் நம்பித்தான் ஆக வேண்டும். அப்போது சின்ன டிராக்டர்களின் புகைக்குழாய் இப்போதுபோல விறைத்துக்கொண்டு நிற்காது. யானையின் துதிக்கை மாதிரி வளைந்து கொடுக்கும். வண்டி நினைத்தால் மேலே தூக்கும், நினைத்தால் கீழே தொங்கவிடும், பிடிக்காதவன் எதிரே வந்தால் அவன் முகத்துக்கு நேரே திருப்பி ஓர் ஊது ஊதும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வனராஜ் என்று ஒருவன் நெல் போட்டிருந்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன் தங்கை அங்கம்மாளுக்குத் திராட்சைப் பந்தல். கல்தூண் நட்டு, தலைக்குமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்ட பந்தல். கொத்துகள் ஆள் தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கும். அண்ணனும் தங்கையும் ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு சின்ன டிராக்டர்களை வாங்கி வந்தார்கள். மூத்தது அண்ணன் வீட்டுக்குப் போனது, இளையது தங்கை வீட்டுக்குப் போனது.

அந்த வருடம் நெல் நன்றாக விளைந்திருந்தது. கட்டுகளைப் பிரித்துக் களத்தில் பரப்பினார்கள். அதுவரை மாடுகள்தாம் அதன்மேல் சுற்றிச் சுற்றி நடந்து மணியை உதிர்க்கும். இந்தத் தடவை மாடுகளை ஓரமாகக் கட்டிப்போட்டுவிட்டு மூத்த டிராக்டரை இறக்கிவிட்டார்கள். அதற்குத் தலைகால் புரியவில்லை. குழாயை முன்னால் நீட்டிக்கொண்டு களத்தைச் சுற்றியது. வைக்கோலை உதறிக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்ணிலும் மூக்கிலும் புகை ஏறி, ஆளாளுக்கு இருமினார்கள்.

ஓரத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்த காளைக்கு ஒரே குஷி. "நாங்க சாணி போட வாலைத் தூக்குனா நெல்லுல விழாம வைக்கோலும் கையுமா ஓடியாந்து புடிப்பீங்கள்ல? இப்ப இவன் விடுற புகையையும் புடிங்க, பாப்போம்!" என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். வனராஜ் சிரிக்கவில்லை. அவன் கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"டேய், அந்தக் கருமத்தைக் கீழ எறக்குடா! மூஞ்சியில ஊதிக்கிட்டு!"

"கீழ வைக்கோலு கெடக்குங்கய்யா" என்றது மூத்தது.

"கெடந்துட்டுப் போகுது. சொன்னதைச் செய்."

மூத்தது குழாயைத் தொங்கவிட்டது. புகை போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் புகை எழுந்தது. அதையும் டிராக்டரின் புகை என்றே நினைத்தார்கள். "திரும்பவும் தூக்கிட்டான் பாரு" என்று ஒருத்தி திட்டக்கூடச் செய்தாள். டிராக்டர் களத்தின் அந்தக் கோடியில் இருந்தது. புகை இந்தக் கோடியிலிருந்து வந்தது. அது உறைப்பதற்குள் வைக்கோல் குப்பென்று பிடித்துக்கொண்டது.

காய்ந்த வைக்கோல் எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் கொண்டுவர ஓடியவர்கள் வாய்க்காலில் குடத்தை முக்குவதற்குள் களம் முழுவதும் தீ. மூத்தது அலறிக்கொண்டு குழாயை ஆகாயத்துக்குத் தூக்கியபடியே நெருப்புக்குள்ளிருந்து வெளியே பாய்ந்தது. அந்தச் சூட்டில் வெந்த குழாய் அப்படியே இறுகிவிட்டது. பிறகு எவ்வளவு முயன்றும் அதை மடக்க முடியவில்லை.

ஒரு வருடச் சோறு கரியாகிக் கிடந்தது. காளைகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டது. வனராஜ் குனிந்து ஒரு கை நெல்லை அள்ளினான். அது பொரிந்து கறுத்திருந்தது. சூடு தாங்காமல் கீழே போட்டான். போட்டவன் சட்டென்று நிமிர்ந்து கத்தினான்.

"இனிமே இந்த ஊருல ஒரு வண்டியோட குழாயும் கீழ வரக்கூடாது! எல்லாம் மேல! மேலதான்!"

பயந்துபோயிருந்த ஊரும் ஆமாம் ஆமாம் என்றது. அந்த நேரத்தில் அவன் என்ன சொன்னாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கும்.

"அண்ணே, என்னுது பந்தலுண்ணே..." என்று, தீயைப் பார்த்து இளையதோடு ஓடிவந்திருந்த அங்கம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"உனக்குந்தான் தாயி! பாத்தேல்ல கண்ணால?"

களமே கரியாக நிற்கிறவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? இனி இரண்டு வீட்டுக்கும் அவளுடைய திராட்சையை விட்டால் வேறு கதி கிடையாது. கொத்துகள் கறுத்துப் பழுத்து, வெட்டுக்குத் தயாராக இருந்தன.

வெட்டு அன்று, பழக்கூடைகளை ஏற்றிவர இளையது பின்னால் மாட்டிய சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு பந்தல் வாசலுக்கு வந்தது. வனராஜும் கூடவே வந்து நின்றான். பாவம், காவல் காக்க வந்தானாம்.

"தூக்குடா குழாயை. இன்னும் தூக்கு" என்றான்.

இளையது தூக்கியது. அண்ணன் வண்டி நெருப்புக்குள் சிக்கியதை நேரில் பார்த்த குலைநடுக்கம் அதற்கு. நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தது. தலைக்குமேல் இலை சுருங்கியது. அதற்கடுத்துத் தொங்கிய கொத்துகள் சடசடவென்று வெடித்துச் சாறு ஒழுகின. அங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "அடியாத்தி! நிறுத்துடா! எறக்குடா அதை!"

"எறக்குனா தீப் புடிக்கும்மா! எறக்க மாட்டேன்!" என்று அழுதுகொண்டே அது இன்னும் வேகமாக ஓடியது.

ஓடிய வேகத்தில் குழாய் மேலிருந்த கம்பியில் மாட்டிக்கொண்டது. கம்பி விண்ணென்று இழுபட்டது. ஓரத்துக் கல்தூண் ஒன்று அசைந்து சாய்ந்தது. அதைப் பார்த்ததும் வனராஜுக்குக் கை கால் ஓடவில்லை. கம்பி அறுந்தால் ஒரு வரிசையோடு நிற்காது, ஒன்றையொன்று பிடித்திழுத்துப் பந்தல் மொத்தமும் படுத்துவிடும்.

அங்கம்மாள் யோசிக்கவில்லை. பாய்ந்து போய்க் கொதிக்கிற குழாயை வெறும் கையால் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்துக் கம்பியிலிருந்து விடுவித்து, வண்டியின் வயிற்றுக்கு அடியில் மண்ணைப் பார்க்க வளைத்து அமுக்கினாள். இதை எழுதும்போதே என் உள்ளங்கை கூசுகிறது. அவள் விடவில்லை. இளையது நின்று, மூச்சு அடங்கி, குழாய் ஆறுகிறவரை விடவில்லை. ஆறியபோது அது வளைத்த வாக்கிலேயே இறுகிப்போயிருந்தது. பந்தலுக்கடியில் பாய்ச்சிய ஈரம் காயாமல் இருந்தது. வைக்கோலும் இல்லை, தீயும் பிடிக்கவில்லை.

வனராஜ் ஓடிவந்து அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அங்கம்மாள் அவனைத் திட்டவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கீழங்குற, மேலங்குற. வண்டி எங்க போகுதுன்னு ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?"

ஒரு வரிசை போக மிச்சமிருந்த கொத்துகளை எல்லாம் அவனே வெட்டினான். அவள் கை ஆறுகிறவரை அவனே சோறு பிசைந்து ஊட்டினான். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவனுக்குக் கண்ணில் நீர் முட்டும். புகையில்லாமலே முட்டும்.

நடந்ததைக் கேள்விப்பட்ட மற்ற டிராக்டர்கள் நடுங்கிப்போய், தாம் போகிற இடத்தைப் பார்த்துக் குழாயை மேலேயோ கீழேயோ நிரந்தரமாக இறுக்கிக்கொண்டன. அன்று முதல்தான் வைக்கோலிலும் வயலிலும் ஓடுகிற சின்ன டிராக்டருக்குக் குழாய் மேலே, பந்தலுக்கும் தோப்புக்கும் அடியில் நுழைகிற டிராக்டருக்குக் குழாய் கீழே. சின்ன டிராக்டர் வாங்கப் போனால், விலையைப் பேசுவதற்கு முன்னால் கடைக்காரர் "எங்கங்க ஓட்டப் போறீங்க?" என்று கேட்பதும் அன்று முதல்தான். அவர் ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒருத்தி இரண்டு உள்ளங்கையையும் வேகவைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது.