ஷோரூமை விட்டு வெளியே வராத கார்

கூழைப்பாளையத்தில் ஒருத்தரிடமும் கார் கிடையாது. கார்களைப் பற்றிய கருத்து மட்டும் ஆளுக்கொரு மூட்டை இருந்தது.

"செவப்பு வண்டி சீக்கிரம் சூடாயிரும்" என்பான் செங்கோடன். "கதவைச் சாத்துனா டப்புன்னு கேக்கோணும். டொப்புன்னு கேட்டா அது தகர டப்பா" என்பான் காளியப்பன். மாரப்பனுக்கு வண்டியின் மூக்கில் இருக்கும் சின்னம்தான் சாமி. "சனம் கும்புடறது சின்னத்தைத்தாண்டா, உள்ளே இருக்கறவனை இல்ல" என்பான். மூவரும் காரில் உட்கார்ந்ததே இல்லை. அதனாலேயே அவர்கள் பேச்சை யாராலும் மறுக்க முடியவில்லை.

இவர்களுடைய சிநேகிதன் நாச்சிமுத்து. டிராக்டர் ஓட்டுவான், நல்ல பையன், மூளை மட்டும் அவனுக்கும் கொஞ்சம் விடுமுறையில் இருந்தது. பக்கத்து ஊர்க் கோகிலாவைத் திருவிழாவில் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா குழந்தைசாமியோ கார்ப் பைத்தியம். கேட்டனுப்பியதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வரட்டும். கார்ல வரோணும். வண்டி வழியில மக்கர் பண்ணக் கூடாது. போட்ட காசு ஒரு பைசா குறையக் கூடாது. காசை அழிக்கறவனுக்கு எம்பொண்ணு கிடையாது."

நாச்சிமுத்து தென்னந்தோப்பை விற்றான். வெள்ளிக்கிழமை காலை நால்வரும் டவுனுக்குப் போனார்கள். ஷோரூமில் ஒரு வெள்ளை வண்டியைப் பார்த்தார்கள். கதவு டப்பென்றது. சின்னம் பளபளத்தது. பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கியபிறகு நாச்சிமுத்து கேட்டான்:

"ஏனுங்க, போட்ட காசு குறையாதுங்களே?"

டை கட்டிய விற்பனைப் பையன் சிரித்தான். "எந்த வண்டியானாலும் ஷோரூமை விட்டு வெளியே போன நிமிசமே விலை குறைஞ்சிருமுங்கண்ணா. அது உலக வழக்கம்."

தோப்பும் போச்சு, கோகிலாவும் போச்சு என்று நாச்சிமுத்து காரின் மேலேயே சாய்ந்துவிட்டான். மற்ற மூவரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஒரே தாவா வெளியே எடுத்துட்டா? விலைக்குத் தெரியறதுக்குள்ள?" என்றான் காளியப்பன்.

"விலை வெகு உஷாரானது. பின்னாடியே வந்திரும்" என்றான் மாரப்பன்.

செங்கோடன் கண்ணை மூடித் திறந்தான். "வண்டி ஷோரூமை விட்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதானே? ஷோரூமும் கூடவே வந்தா?"

மற்றவர்கள் அவன் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். அடடா, அந்த மண்டைக்குள் இப்படியும் ஒன்று இருந்திருக்கிறதே!

ஷோரூம் என்றால் என்ன என்று சுற்றிப் பார்த்தார்கள். மேலே கூரை, சுற்றிக் கண்ணாடி, பலூன், டை கட்டிய ஒரு ஆள். சந்தைக்கு ஓடி மூங்கில், பந்தல் துணி, பாலிதீன் தாள், பலூன், ரிப்பன், ஒரு டை எல்லாம் வாங்கி வந்தார்கள். நாலு காலில் ஒரு ஷோரூமைக் கட்டி, அதன் வாசலைப் பழைய ஷோரூமின் வாசலோடு ஒட்டவைத்தார்கள். வண்டி அதிலிருந்து இதற்குள் நழுவியது. ஒரு சக்கரம்கூட வெளியே படவில்லை.

செங்கோடன் டை கட்டி முன்காலைப் பிடித்தான். பின்கால்கள் காளியப்பனுக்கும் மாரப்பனுக்கும். நாலாவது காலை, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நாச்சிமுத்துவே பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான். கியர் மாற்றும் வேகம் வராததால் சிரமமில்லை.

ரோட்டில் ஷோரூம் அசைந்து அசைந்து பெண் வீட்டை நோக்கிப் போனது. பின்னால் வந்த பஸ்காரர் ஆரன் அடித்து ஓய்ந்து, "என்னங்கடா இது?" என்று கத்தினார்.

"திங்கள் முதல் சனி வரைக்கும் தொறந்திருக்குமுங்க" என்றான் செங்கோடன்.

பாதி தூரத்தில் ஷோரூமை இறக்கிவைத்து இளைப்பாறியபோது, வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். டப்.

"நல்ல வண்டி. இதை நான் எடுத்துக்கறேன். பணம் கையிலயே இருக்குது."

நாச்சிமுத்து பதறினான். "டேய், இது என் வண்டிடா! இல்லைன்னு சொல்லுடா!"

செங்கோடன் அவனைத் தனியாக, அதாவது காரின் மறுபக்கம், கூட்டிப்போனான். "வந்தவருக்கு விக்கமாட்டோம்னா இது ஷோரூமா? வெறும் கொட்டாய். கொட்டாய்க்குள்ள நின்னா விலை குறைஞ்சிரும். உனக்குக் கோகிலா வேணுமா, வேண்டாமா?"

வேண்டும்தான். என்ன செய்வான் பாவம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தான். வேட்டிக்காரர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வண்டியை வெளியே எடுத்தார்.

"ஐயோ பாவம், அவருக்கு விலை குறைஞ்சிருச்சு" என்றான் மாரப்பன்.

காலி ஷோரூமோடு பெண் வீட்டுக்குப் போனால் மரியாதை என்னாவது? கார் நின்ற இடத்தில் நாச்சிமுத்துவையே நிறுத்தினார்கள். நெஞ்சில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். காளியப்பன் இரண்டு காலைப் பிடித்துக்கொள்ள, மாரப்பன் ஒரு கையால் காலைப் பிடித்து மறு கையால் மஞ்சள் துணி கொண்டு நாச்சிமுத்துவின் நெற்றியைத் துடைத்தபடியே வந்தான்.

குழந்தைசாமி வாசலுக்கு வந்தார். "காரு எங்கீங்க?"

"வித்தாச்சுங்க மாமா" என்றான் நாச்சிமுத்து. "போட்ட காசு அப்படியே இருக்குதுங்க. நம்மகிட்ட இருந்த வரைக்கும் ஒருக்காக்கூட மக்கர் பண்ணல."

குழந்தைசாமி அசந்து போய்விட்டார். "இத்தனை வருசத்துல நானும் எத்தனையோ வண்டி மாத்திட்டேன். ஒவ்வொண்ணுலயும் கையைச் சுட்டுக்கிட்டேன். ஒரு பைசா குறையாம வித்த ஆளை இப்பத்தான் பார்க்கறேன்! கோகிலா, சீக்கிரம் வாம்மா!"

கோகிலா வந்தாள். ஷோரூமுக்குள் நுழைந்து நாச்சிமுத்துவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நாச்சிமுத்துவின் நெஞ்சு அடித்த அடியில் ரிப்பன் ஆடியது. அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"எனக்குப் பிடிச்சிருக்குதுங்கப்பா. இவரே போதும்."

குழந்தைசாமி வெற்றிலைத் தட்டை நீட்டினார். செங்கோடன் டையை இறுக்கிக்கொண்டு குறுக்கே வந்தான்.

"மன்னிக்கோணுமுங்க. இது டிஸ்ப்ளே பீஸ். விக்கறதில்லை."

"டேய் செங்கோடா, நாந்தாண்டா மாப்பிள்ளை!" என்று நாச்சிமுத்து பல்லைக் கடித்தான்.

"பேசாதே, ரிப்பன் கசங்குது. உன்னையத் தூக்கி இவங்களுக்குக் கொடுத்துட்டா, அடுத்து வர்றவங்களுக்கு எதைடா காட்டறது?"

நாச்சிமுத்து யோசித்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் அது நியாயமாகத்தான் பட்டது. ரிப்பனை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

ஷோரூம் எழும்பி, திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தது. தட்டும் கையுமாகக் குழந்தைசாமி பின்னாலேயே ஓடிவந்தார்.

"அப்ப எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை எப்பத்தானுங்க கிடைக்கும்?"

பாலிதீன் தாளுக்குள்ளிருந்து நாச்சிமுத்துவே பெருமையாகக் குரல் கொடுத்தான்:

"இப்ப புக் பண்ணுனா மூணு மாசம் ஆகுமுங்க மாமா! நல்ல சரக்குன்னா காத்திருக்கத்தானுங்க வேணும்!"