மணி அடித்தால் வரும் அரசர்

முன்னொரு காலத்தில், மணி ஒலித்தால் அரியணையை விட்டு எழுந்து நடக்கும் அரசர் ஒருவர் இருந்தார். அது கோயில் மணி அல்ல, ஆராய்ச்சி மணியும் அல்ல. அரண்மனைப் பள்ளிக்கூடத்தின் வாசலில் தொங்கிய சிறிய வெண்கல மணி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசர் வீட்டுப் பிள்ளையை அரசரைத் தவிர வேறு யாரும் கடிந்து ஒரு சொல் சொல்லக் கூடாது. இளவரசி குறும்பு செய்தால் வாத்தியார் வாயை மூடிக்கொண்டு மணியை அடிக்க வேண்டும். அரசர் வந்து கண்டித்துவிட்டுப் போவார்.

இளவரசி செண்பகநாச்சிக்கு எட்டு வயது. அரசி காய்ச்சலில் இறந்த பிறகு அரசர் அவையே கதி என்று ஆகிவிட்டார். மகள் விழிக்குமுன் போவார், அவள் உறங்கிய பின் திரும்புவார். வாத்தியார் குழந்தைவேலுவோ பிரம்பு வைத்துக்கொள்ளாதவர், மெல்லப் பேசுபவர். எழுத்துப் பழகத் தரையில் பரப்பிய மணலை இளவரசி அவர் முகத்தில் வாரி வீசுவாள். அவர் குனிந்து எழுத்தைத் திருத்தும்போது மேல்துண்டைத் தூணோடு முடிச்சுப் போடுவாள். பக்கத்துப் பிள்ளையின் ஓலையைப் பிடுங்கி மாட்டுக்குப் போடுவாள். மணி ஒலிக்கும்.

அண்டை நாட்டுத் தூதுவர் வந்திருந்த நாளில், உச்சிப் பொழுதுக்குள் மணி மூன்று முறை ஒலித்துவிட்டது. மூன்றாம் முறை அவைக்குத் திரும்பி வந்த அரசருக்கு முகம் சிவந்திருந்தது.

“எல்லையைக் காக்க முடிகிற என்னால் ஒரு பள்ளிக்கூடத்தைக் காக்க முடியவில்லையே!” என்றார்.

அமைச்சர் சடகோபர் இதற்காகவே காத்திருந்தவர். “மகாராஜா, என் மைத்துனர் வீரபாகுவை வாத்தியாராக அமர்த்துங்கள். கை உறுதியானவர். வழக்கப்படி இளவரசியைத் தொட மாட்டார். அருகில் இருக்கும் பிள்ளைகளை விளாசுவார். அதைக் கண்டு இளவரசி அடங்கிவிடுவார்.”

“அமைச்சர் வீட்டில் பால் பொங்கினால் பக்கத்து வீட்டு அடுப்பை அணைப்பார்கள் போலிருக்கிறது” என்றது ஒரு குரல்.

அவை சிரித்தது. சொன்னவர் பிச்சாண்டி, அந்த அவையின் விகடர். சடகோபரும் சிரித்தார், பல்லால் மட்டும்.

“மகாராஜா, பிச்சாண்டிக்குப் பள்ளி விவகாரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. குழப்பத்துக்குக் காரணமானவர் யார் என்று அவரே கண்டுபிடிக்கட்டும். அவரே தண்டனையும் கொடுக்கட்டும்.”

அரசருக்கு அது பிடித்துவிட்டது. “நல்லது. பிச்சாண்டி, காரணமானவரைக் கண்டுபிடி. பள்ளியின் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் காலை முழுவதும் மணலில் எழுத வை. முடியாவிட்டால் நீயும் வாத்தியாரும் நாட்டை விட்டுப் போங்கள். வீரபாகு வரட்டும்.”

“யாராக இருந்தாலுமா, மகாராஜா?”

“யாராக இருந்தாலும்!” என்று சடகோபர் முந்திக்கொண்டார். அரசரும் தலையசைத்தார்.

பொறி நன்றாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. இளவரசிதான் காரணம் என்றால், அரசரைத் தவிர வேறொருவர் அவளைத் தண்டித்த குற்றம் வரும். வாத்தியார்தான் காரணம் என்றால், பிச்சாண்டியின் வாயாலேயே அவருடைய வேலை போகும்.

மறுநாள் பிச்சாண்டி பள்ளியின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வாத்தியார் அவர் காதருகே குனிந்தார். “என்னையே காரணம்னு சொல்லிடுங்க ஐயா. நான் போயிடறேன். ஆனா இந்தப் புள்ளைங்கள அந்தப் பிரம்புக்காரர்கிட்ட விட்டுட்டுப் போறத நினைச்சாத்தான்...”

“சும்மா இருங்க வாத்தியாரே. அழ இன்னும் நேரம் கெடக்கு.”

சற்று நேரத்தில் மணல் பறந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் மணலைப் பார்த்தார்கள், பிச்சாண்டி மட்டும் வீசியவளைப் பார்த்தார்.

அவள் வாத்தியாரைப் பார்க்கவில்லை. சிரிக்கும் பிள்ளைகளையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அவசர அவசரமாகப் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

மணி ஒலித்தது. அரசர் வந்தார். “நீ இந்த நாட்டின் இளவரசி. இப்படியா நடந்துகொள்வது?” என்று தொடங்கினார். நேற்றும் அதையேதான் சொல்லியிருந்தார். பேசிக்கொண்டிருக்கையில் அவர் கை, அவர் அறியாமலே, மகளின் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டது. அவள் அசையவில்லை. அசைந்தால் அந்தக் கை எடுபட்டுவிடும் என்பதுபோல் நின்றாள்.

அரசர் போய்விட்டார். காலடி ஓசை தேய்ந்து நின்ற பிறகும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாத்தியாரே, போன மாசம் அரசர் எல்லைக்குப் போயிருந்தாரே, அப்ப எத்தனை தடவை மணி அடிச்சீங்க?” என்று கேட்டார் பிச்சாண்டி.

வாத்தியார் யோசித்தார். “அப்ப... அடிக்கவே இல்லையே. புள்ள திருந்திருச்சுன்னு நான்கூட சந்தோஷப்பட்டேன். ஆனா ஒண்ணு, எழுதவும் இல்ல. சும்மா உட்கார்ந்திருந்துச்சு.”

மறுநாள் காலை பிச்சாண்டி அவைக்கு, பள்ளிப் பிள்ளைகள் விரித்து உட்காரும் ஓர் ஓலைத் தடுக்கோடு வந்தார். நேரே நடந்து அரியணையின் முன் நின்றார்.

“குற்றவாளி அகப்பட்டுவிட்டார், மகாராஜா. அழைத்துப் போக வந்திருக்கிறேன். எழுந்து வாருங்கள்.”

காவலரின் கைகள் வாளுக்குப் போயின. “இராஜத் துரோகம்!” என்று சடகோபர் கத்தினார்.

“ஒரே ஒரு கேள்வி, அமைச்சரே. மகாராஜா எல்லைக்குப் போயிருந்தபோது பள்ளி மணி ஒலித்ததா?”

சடகோபர் வாயிற்காவலன் பக்கம் திரும்பினார். அவன் மெல்லச் சொன்னான்: “ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை.”

“அப்போது இளவரசி பள்ளியில்தான் இருந்தார். வாத்தியார் இருந்தார். மற்ற பிள்ளைகளும் இருந்தார்கள். மணல்கூட அங்கேதான் கிடந்தது. ஒருவர் மட்டும் ஊரில் இல்லை, மணி ஒலிக்கவில்லை. அவர் திரும்பி வந்தார், மறுநாளே ஒலித்தது. காரணமானவரைப் பிடித்து வா என்பது ஆணை. எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, மகாராஜா.”

அரசர் கிரீடத்தைக் கழற்றி அரியணையில் வைத்தார். “சொன்ன சொல் சொன்னதுதான்” என்று இறங்கி நடந்தார்.

கடைசி வரிசையில் பிச்சாண்டி விரித்த தடுக்கில் அரசர் சம்மணமிட்டு உட்கார்ந்ததும் வாத்தியார் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. அரசர் மணலில் விரலை வைத்தார். முத்திரை குத்தியே பழகிய கை, எழுத்து கோணிக்கொண்டு போனது.

செண்பகநாச்சி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள்.

“அப்பா, ‘ழ’வ இப்படியா எழுதுவாங்க? கால் எங்க?”

“எழுதி ரொம்ப நாளாயிற்று, நாச்சி.”

“குடுங்க.” அவர் விரலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு அவளே எழுதினாள். மெதுவாக எழுதினாள். முடிந்த பிறகு அழித்துவிட்டு இன்னொரு முறை எழுதினாள்.

அந்தக் காலை முழுவதும் மணி ஒலிக்கவில்லை.

சடகோபருக்கு இருப்புக்கொள்ளவில்லை, தேடிக்கொண்டு வந்துவிட்டார். “மகாராஜா, இது தற்செயல். தங்களைக் கண்ட பயத்தில் பிள்ளைகள் அடங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.”

அரசர் மகள் பக்கம் திரும்பினார். “நாச்சி, மணலை ஏன் வீசினாய்?”

“மணி அடிச்சா நீங்க வருவீங்க.”

“திட்டத்தானே வருவேன்?”

“ஆமா. ஆனா வருவீங்கல்ல?”

அரசர் தலை குனிந்தார். எதிரே இருந்த மணலை உள்ளங்கையால் சமன் செய்தார். சமனான மணலையே மறுபடியும் மறுபடியும் சமன் செய்தார்.

கடைசியில், “பிச்சாண்டி, என் தண்டனை எவ்வளவு காலம்?” என்று கேட்டார்.

“ஆணையில் அளவு இல்லையே, மகாராஜா. காலை முழுவதும் என்று மட்டும்தான் சொன்னீர்கள். எந்த நாள் காலையோடு முடியும் என்று சொல்லவில்லை. நானாக ஒன்றைச் சேர்த்தால் இராஜத் துரோகம் என்பார் அமைச்சர்.”

அரசர் சிரித்தார். அரசி போன பிறகு அந்தச் சிரிப்பை யாரும் கேட்டதில்லை. தூண்கள் அதிர்ந்தன. என்னவோ ஏதோவென்று வாத்தியார் பழக்கத்தில் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார். அதைக் கண்டு அரசர் இன்னும் பலமாகச் சிரித்தார். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

அரசர் தம் கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். வாத்தியாரின் கையைப் பிடித்து, “நீங்கள் எங்கும் போக வேண்டாம்” என்றார். பிறகு சடகோபர் பக்கம் திரும்பினார்.

“‘யாராக இருந்தாலும்’ என்றது நீங்கள்தானே, அமைச்சரே? இனிக் காலைதோறும் நான் தண்டனையில் இருப்பேன். தூதுவர்களை நீங்கள் சமாளியுங்கள். தேவையானால் மைத்துனரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.”

உச்சிப் பொழுதில் அரசர் எழுந்தார். இளவரசியும் கூடவே எழுந்தாள்.

“நாளைக்கு?” என்றாள்.

“தண்டனை ஆயிற்றே. தப்ப முடியுமா?”

அவள் முன்வரிசையில் கிடந்த தன் தடுக்கைச் சுருட்டி எடுத்து வந்தாள். அரசரின் தடுக்கை ஒட்டி அதை விரித்துவிட்டு, விளிம்பு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.