மயில் துப்பாக்கியும் மீசைப் பந்தயமும்

பளபளப்பைப் பார்த்து மயங்குகிறவனை யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. அவனே தேடி வந்து ஏமாந்துவிட்டுப் போவான். கடைத்தெருவில் பாதிப் பேர் பிழைப்பதே அவனை நம்பித்தான். கொக்கரணைப் பாளையத்து ராஜா சிவகொழுந்து பூபதி அந்த ரகம்.

சித்திரைத் தேரில் வடத்தை முதலில் யார் தொடுவது என்று அவருக்கும் பக்கத்துப் பாளையத்து ராஜாவுக்கும் வருஷா வருஷம் சண்டை. கோயில் பஞ்சாயத்தார் சலித்துப்போய் ஒரு போட்டி வைத்தார்கள். இரண்டு ராஜாக்களும் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஓட வேண்டும். வழியிலுள்ள பனைமரங்களில் கலயங்கள் தொங்கும். உருவிச் சுட வேண்டும். மறுபடி குழலில் வெடிமருந்து கெட்டித்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். தன் கலயங்களை முதலில் உடைத்தவருக்கு வடம்.

நம் ராஜா அதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அதனாலென்ன? "இருப்பதிலேயே ஒசத்தியானதைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

தளவாய் ரணசூரருக்கு வாயெல்லாம் பல். அவருடைய மச்சான் ஒருவன் துப்பாக்கி வியாபாரி. மறுநாளே பட்டுத்துணியில் சுற்றி ஒன்று வந்தது. முழங்கை நீளக் குழல். தங்கப்பூச்சு. பிடியில் தோகை விரித்த மயில், தோகை முழுக்கக் கெம்புக்கல்.

ராஜா அதை இடைக்கச்சையில் செருகினார். வேகமாக உருவினார். தோகை கச்சையில் மாட்டியது. இன்னும் வேகமாக இழுத்தார். துப்பாக்கியோடு கச்சையும் வந்தது. கச்சையோடு வேட்டியும் வரப் பார்த்தது. சபை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அருமை" என்றார் தளவாய்.

"எது அருமை?" என்று ஒரு குரல். அரண்மனைக்கு வேண்டிய சாமானுக்கெல்லாம் விலை பேசி வாங்கித் தரும் அணஞ்சபெருமாள்தான். சந்தையில் மூட்டை தூக்கி மேலே வந்த ஆள். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். "மகாராஜா, கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தூணைக் குறிவைத்து நீட்டுங்கள். இப்போது திறந்து பாருங்கள்."

ராஜா திறந்தார். குழல் கனத்தில் சாய்ந்து தளவாயின் தொப்பைக்கு நேராக நின்றது. தளவாய் தூணுக்குப் பின்னால் போனார்.

"நீர் என்ன வே கண்டீர்?" என்று தூணுக்குப் பின்னாலிருந்தே கத்தினார். "முடிந்தால் குறி தப்பாத துப்பாக்கி ஒன்று கொண்டு வாரும். தப்பினால் உம் மீசையை எடுத்துவிட வேண்டும்."

"சரி. தப்பாவிட்டால் உம்முடையது" என்றார் அணஞ்சபெருமாள்.

ராஜாவுக்கு இந்தப் பேரம் பிடித்துப்போயிற்று. "அப்போ இந்த மயிலை என்ன செய்வது?"

"என்னிடம் விடுங்கள். எங்கேயாவது தள்ளிவிடுகிறேன்."

மறுநாள் அணஞ்சபெருமாள் ஒரு கூடை நிறையப் பழைய துப்பாக்கிகளோடு வந்தார். ராஜா ஒவ்வொன்றாகக் கண்ணை மூடி நீட்டினார். ஒன்று கூரையைப் பார்த்தது. ஒன்று சமையற்காரனைப் பார்த்தது. கடைசியில் பூச்சில்லாத, தேய்ந்த பிடியுள்ள ஒன்று தூணை நேராகப் பார்த்தது.

"இதுதான் குறி தப்பாத துப்பாக்கி" என்றார் அணஞ்சபெருமாள்.

ராஜா விசையை இழுத்தார். டக். அவ்வளவுதான். "இதில் சக்கிமுக்கிக் கல்லே இல்லையே? எப்படிச் சுடும்?"

"சுடாது. சுடாத துப்பாக்கி குறி தப்பியதாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

"அணஞ்சா, இப்போதே நாவிதரைக் கூப்பிடட்டுமா?"

"தேரன்று காலையில் கல்லைத் தருகிறேன். அதுவரை தினமும் இதை உருவுங்கள், நீட்டுங்கள், இழுங்கள். குழல்மேல் ஒரு வெட்டுப்பாக்கு வைப்பேன். இழுக்கும்போது பாக்கு விழாமல் இருக்கட்டும். பிறகு பேசுவோம்."

அன்றிலிருந்து அரண்மனையில் ஒரே டக் டக். ராஜா குளத்தைச் சுற்றி ஓடினார், உருவினார், பாக்கு விழுந்தது. ராஜாவைக் குளிர்விக்க ஒரு சமையற்காரன் "டுமீல்" என்று கத்தி, குண்டு பட்ட மாதிரி ஒரு பானையை வேறு கீழே போட்டு உடைத்தான். அணஞ்சபெருமாள் அவனை விரட்டி விரட்டித் திட்டினார். தேர் நெருங்குவதற்குள், ராஜா நின்றபடி இழுத்தாலும் பாக்கு விழவில்லை, ஓடி வந்து நின்று இழுத்தாலும் விழவில்லை.

தேர் நாளும் வந்தது. துப்பாக்கிக்குக் கல்லும் வந்தது. தளவாய் மறக்காமல் நாவிதரையும் வரவழைத்து, கத்தியைத் தீட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்.

முரசு அதிர்ந்தது. நம் ராஜா பாய்ந்து ஓடினார், உருவினார், சுட்டார். கலயம் ஆடக்கூட இல்லை. ஒரு காக்கை மட்டும் எழுந்து போனது.

"தப்பிவிட்டது" என்று தளவாய் துள்ளினார். "நாவிதரே, வாரும். நல்ல வேளை, தண்ணீரும் இருக்கிறது."

அணஞ்சபெருமாள் மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

"நில்லும்" என்று ராஜா மரத்தடியிலிருந்தே கத்தினார். "துப்பாக்கி தப்பவில்லை. நான்தான் அவசரப்பட்டேன். பாக்கு இருந்திருந்தால் விழுந்திருக்கும்."

மளமளவென்று மருந்து கெட்டித்தார். நின்றார். மூச்சை விட்டார். டுமீல். கலயம் சிதறியது. அடுத்த மரம், அடுத்த கலயம், அதற்கடுத்ததும்.

எதிராளி என்ன ஆனார்? அவர் இன்னும் முதல் பனையடியில்தான் நின்றார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் துப்பாக்கியை இழுத்துக்கொண்டிருந்தார். கச்சை பாதி அவிழ்ந்து தரையில் புரண்டது. அதில் எதுவோ மாட்டிக்கொண்டு வெயிலில் பளபளவென்று மின்னியது.

வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்த ராஜா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அணஞ்சா, அந்த மயிலை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே."

"பார்த்திருப்பீர்கள், மகாராஜா. ஒசத்தியான துப்பாக்கி வேண்டும் என்று அவரும் ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஜெயிக்க வேண்டுமென்றால் உங்களுக்கு மட்டும் தேர்ந்தெடுத்தால் போதுமா? அவருக்கும் நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் அவர் கச்சையே அவிழ்ந்தது. அணஞ்சபெருமாளின் மீசைக்கு ஆயுள் முழுக்க அரண்மனைச் செலவில் எண்ணெய் என்று அங்கேயே உத்தரவாயிற்று.

நாவிதர் கையில் கத்தியோடு அப்படியே நின்றார். "தீட்டின கத்தி, மகாராஜா. சும்மா திரும்பக் கூடாது."

எல்லோரும் தளவாயைத் தேடினார்கள். தளவாய் தேருக்குப் பின்னால் போயிருந்தார்.